கலாவும் கராவும்

ரங்கூனில் தியான வகுப்பு எடுக்க ஒரு ஜப்பானிய அம்மாள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது முதலில் சிரித்தேன். கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்தவர்களைப் பற்றிப் பழமொழிதான் கேட்டிருக்கிறேன், ஆளை நேரில் பார்த்ததில்லை. தெருவுக்கு ஒரு தியான மடம் உள்ள ஊர் இது. வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து மாதக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இந்த அம்மாளோ தூரிகையும் மையும் கொண்டு எழுத்து எழுதினால் மனம் அமைதியாகும், வாய் தானே அடங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயை அடக்கிக்கொண்டு இருக்க அந்தக் காலத்து ரங்கூனில் யாருக்கும் வகுப்பு தேவைப்படவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் நன்றாகவே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இருந்தும் போனேன். தொண்ணூறுகளின் பிற்பாதி. ராணுவ ஆட்சியாளர்கள் கல்லூரிகளைப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டார்கள். பௌதிகத்தில் இரண்டாம் வருடம் முடித்த நான், ஊரின் தின்கன்ஜூன் பேட்டையில் அம்மாவோடு இருந்துகொண்டு, மூன்றாம் வருடம் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே ஏதாவது ஒரு மொழியைப் படித்துக்கொண்டிருந்தது. பேசுவதற்கு அல்ல, கிளம்பிப் போவதற்கு. நான் பிடித்தது ஜப்பானிய மொழி. அந்த வகுப்பில்தான் செய்தி வந்தது: வியாபாரக் கம்பெனி மேலாளர் ஒருவரின் மனைவி சனிக்கிழமைகளில் தம் வீட்டில் எழுத்துக்கலை சொல்லித்தருகிறாராம், இலவசமாம். அதோடு இன்னொன்றையும் காதோடு சொன்னார்கள். வருட முடிவில் கண்காட்சி வைத்து, ஒரே ஒருவரை ஒரு வருடம் ஜப்பானுக்கு அனுப்பிப் படிக்கவைப்பார்களாம்.

அந்த ஓர் இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கலை, அமைதி, ஆன்மா எதுவும் வேண்டியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைச் சாமியார் என்று நினைத்துவிடக் கூடாது.

அம்மாவிடம் சொன்னபோது அவள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "மனசக் காலியா வச்சிக்கச் சொல்லிக் குடுக்குறாங்களா? உன் தலையப் பாத்துட்டுத்தான் கூப்புட்டிருப்பாங்க" என்றாள்.

வகுப்பு நடந்த கூடத்தில் நீளமான மேசைகள், நாற்காலிகள். ஒவ்வொருவர் முன்னாலும் கறுப்புக் கம்பளித் துண்டு, அதன் மேல் மெல்லிய தாள், பக்கத்தில் மைக்கல். மைக்கட்டியைத் தண்ணீர் விட்டு அந்தக் கல்லில் மெதுவாக இழைக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. இழைக்கும்போதே மனம் அடங்கத் தொடங்கும் என்பார் அந்த அம்மாள். நாங்கள் அவரைச் சயாமா என்று அழைத்தோம். பர்மிய மொழியில் ஆசிரியை. முப்பத்தைந்து வயது இருக்கும். வெளிறிய நிறத்தில் தளர்வான சட்டை போட்டு, நடப்பதே கேட்காமல் நடப்பார். வேலையே இல்லாத வீட்டில், சமையலுக்கு ஓர் ஆள், தோட்டத்துக்கு ஓர் ஆள், வாசலில் ஓர் ஆள் என்று இருக்கும்போது மனத்தை வெறுமையாக வைத்துக்கொள்வது பெரிய வித்தை அல்ல என்று நான் நினைத்துக்கொள்வேன். நாங்கள் ஒரு டஜன் பேர் கண்ணை மூடி அமர்ந்திருப்போம். எங்கள் முகங்களில் இருந்த சாந்தத்தைப் பார்த்தால் புத்தரே எழுந்து இடம் கொடுப்பார். உள்ளே ஒவ்வொருவருக்கும் விமானம் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பர்மியர்கள் எங்களைப் போன்ற இந்திய வம்சத்தவர்களைக் 'கலா' என்பார்கள். கடல் தாண்டி வந்த கறுத்த ஆட்கள் எல்லாரும் கலா. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தார், அவர் கலா. அப்பா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தே செத்தார், அவர் கலா. நான் வேறு எந்த நாட்டையும் கண்ணால் பார்த்ததில்லை, நானும் கலா. அன்பாகவும் சொல்வார்கள், அலட்சியமாகவும் சொல்வார்கள், பெரும்பாலும் யோசிக்காமலே சொல்வார்கள். நாற்காலிக்கு அவர்கள் மொழியில் கலா-தைங், எங்கள் ஆட்கள் உட்காருவது. கொண்டைக்கடலை கலா-பே. ஒட்டகத்துக்கும் எங்கள் பெயர்தான். உட்காரவும் தின்னவும் பொதி ஏற்றவும் நாங்கள் இல்லாமல் அவர்களுக்கு ஆகாது, ஆனால் நாங்கள் வேண்டாம். கலா என்றால் தமிழில் கலை என்று பள்ளிக்கூடக் காலத்தில் அப்பா எனக்குச் சமாதானம் சொல்வார். அந்தச் சமாதானம் வீட்டு வாசல் வரைதான் செல்லுபடியாகும்.

முதல் வகுப்பில் ஒரே ஒரு கிடைக்கோடு போடச் சொன்னார்கள். எங்கள் தமிழும் வளைவு, பர்மிய எழுத்தும் வட்டம். இரண்டையும் எழுதிப் பழகிய என் கைக்கு நேர்கோடு என்பதே அவமானமாக இருந்தது. முழங்கை ஆடியது, தூரிகை ஆடியது, மை சொட்டியது. சயாமா ஓசையில்லாமல் என் பின்னால் வந்து நின்றார். என் காதருகே குனிந்து, மிகுந்த கனிவோடு சொன்னார்: "கரா."

ஜப்பானியர் வாயில் ரகரமும் லகரமும் ஒன்றுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். என் காதில் விழுந்தது கலா. கூடத்தில் அத்தனை பேர் காதிலும் அதுவேதான் விழுந்தது. முன் மேசையில் இரண்டு தோள்கள் குலுங்கின.

சயாமா என் முதுகில் விரல் நுனியை வைத்து மறுபடி சொன்னார். "கரா. இன்னும் கரா."

இன்னும் கலாவாக எப்படி ஆவது? தூரிகையை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த மிக மரியாதையான பர்மிய மொழியில், நான் இங்கேயேதான் பிறந்தேன் என்று சொன்னேன். அந்த அம்மாளின் பர்மிய மொழி கடைவீதி அளவுதான். பிறந்தேன் என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, வகுப்பு முழுவதையும் பார்த்துக் கையை விரித்து, "பிறக்கும்போது எல்லாரும் கரா" என்றார்.

அதற்கு மேல் அந்தக் கூடத்தில் யாரும் தியானம் செய்யவில்லை. ஒருவன் மேசைக்கு அடியில் போய்விட்டான். சயாமா மட்டும், பிள்ளைகளுக்கு ஞானம் தொடங்கிவிட்டது என்பதுபோல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

மேசைக்கு அடியில் போனவன்தான் பிறகு என் பக்கத்து இடத்துக்காரன் ஆனான். பர்மியப் பையன், என் வயது, நல்ல கெட்டிக்காரன். அன்று தேநீர்க் கடையில் வைத்து அவனே விளக்கினான். கரா என்றால் ஜப்பானிய மொழியில் காலி, வெறுமை. கராத்தே என்கிறார்களே, அது வெறுங்கை. மனத்தைக் காலி செய் என்பதைத்தான் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். என் முகம் போன போக்கைப் பார்த்து, உன்னை ஜப்பான்காரரும் அப்படித்தான் அழைக்கிறார், இனி நாங்கள் அழைத்தால் கோபிக்காதே என்றான். அவனோடு எனக்கு அன்றிலிருந்து சிநேகம். இப்படிப்பட்டவர்களோடுதான் இந்த ஊரில் சிநேகம் வைத்துக்கொள்ள முடியும். வேறு யார் இருக்கிறார்கள்?

அர்த்தம் தெரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று நினைப்பீர்கள். போகவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அம்மாள் வந்து பின்னால் நிற்பதும், கரா என்பதும், எனக்குக் காது சூடாவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. மனம் வெறுமையாக வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அது தளும்பி வழிந்தது. என் கோடுகள் எல்லாம் அடிக்கப் போகிறவன் கை ஓங்கியதுபோல் இருந்தன. அதைச் சயாமா வலிமை என்று நினைத்துக்கொண்டு பாராட்டினார்.

அமைதியும் அவருக்கு அவ்வளவு எளிதில் கிடைத்துவிடவில்லை. கூடம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையைத் தாளில் இறக்கும் நேரமாகப் பார்த்து, போன மின்சாரம் திரும்பி வரும். தெரு முழுக்கச் சின்னதும் பெரியதும் சேர்ந்து "மீ லா பி" என்று கத்தும், கரண்டு வந்துவிட்டது என்று. தூரிகைகள் எல்லாம் துள்ளும். தொடக்கத்தில் சயாமா அதை ஏதோ பிரார்த்தனை என்று எண்ணிக் கைகூப்பினாராம். எங்கள் மக்கள் வேறு எதையும் அவ்வளவு பக்தியோடு கூப்பிட்டதில்லை என்பதால் நாங்களும் திருத்தவில்லை.

வீட்டில் பழக எனக்கு மைக்கல் இல்லை. அம்மா தனக்கா கட்டையை இழைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்ளும் வட்டக்கல் இருந்தது. அதில் மைக்கட்டியை இழைத்தேன். வழுவழுவென்று அருமையாக வந்தது. கழுவியும் வைத்தேன். நான் கழுவும் லட்சணம் அம்மாவுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் கரண்டு இல்லாத விடிகாலையில் அவள் நம்பிவிட்டாள். கன்னம் இரண்டிலும் சாம்பல் பூசியவளாக வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய், அர்ச்சகரிடம் யார் தவறிப்போனார்கள் என்ற விசாரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அன்று எனக்குக் கிடைத்த அர்ச்சனையில் தியானம், ஜப்பான், என் அப்பாவின் வம்சம் மூன்றும் இருந்தன.

கண்காட்சிக்கு ஆளுக்கு ஓர் எழுத்து. எனக்கு எது வரும் என்பதில் சந்தேகமே இல்லை. கரா என்பதை எழுதும் எழுத்தையே சயாமா எனக்குக் கொடுத்தார். மேலே உள்ள பாகம் பொந்து, கீழே உள்ள பாகம் வேலை என்று பிரித்துக் காட்டினார். பொந்துக்கு அடியில் ஒரு வேலை. மூன்றாம் வருடக் கல்லூரி திறக்கக் காத்திருந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஜாதகம்கூட எழுத முடியாது. பக்கத்து இடத்துக்காரனுக்குப் பொறுமை என்ற எழுத்து கிடைத்தது.

அந்த எழுத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஒரு சனிக்கிழமை மழை வலுத்துப் பெய்தது. பாதிப் பேர் வரவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தேன், சயாமா வந்து பின்னால் நின்று கரா என்றார். எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தச் சொல் என்னைக் கடந்து போயிருக்கிறது, எனக்குச் சுடவில்லை. கராவைக் கராவாகவே கேட்டிருக்கிறேன். தாளைப் பார்த்தேன். எழுத்து நிமிர்ந்து நின்றது. சயாமா சிவப்பு மையில் அதைச் சுற்றிப் பூ வரைந்தார். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோன்ற பூ. எனக்கு ஏனோ அழுகை வந்தது. கேலி செய்வதற்கு இந்த ஓர் இடத்தில் எனக்கு எதுவும் அகப்படவில்லை.

கண்காட்சி ஒரு ஹோட்டல் கூடத்தில் நடந்தது. ஜப்பானியப் பெரியவர் ஒருவர் தேர்வு செய்ய வந்திருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே பர்மிய மொழியில் ஓர் அட்டை: எப்படிப் படிப்பது, என்ன பொருள். அட்டைகளை எழுதும் பொறுப்பு பொறுமைக்காரனிடம் இருந்தது, அவன் கையெழுத்து அழகு. என் அட்டையில் அவன் கராவை உள்ளபடி எழுதவில்லை, ஊர் எங்களுக்கு வைத்திருக்கும் பெயரின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதியிருந்தான். ஆக, பளிச்சென்ற பர்மிய எழுத்தில் இப்படி இருந்தது: கலா: உள்ளே ஒன்றும் இல்லாதது. அதன் பக்கத்தில் கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் நான்.

வந்தவர்கள் எழுத்தைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அந்த வரிசை மாறவே இல்லை. அம்மா நல்ல சேலை உடுத்தி வந்திருந்தாள். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், பர்மிய மொழி பேசுவாள், வாசிக்க வராது. எதுக்குடா சிரிக்கிறாங்க என்று கேட்டாள். எழுத்து பிடித்திருக்கிறது என்றேன். அவளும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். பொறுமைக்காரனை அங்கேயே அடித்திருப்பேன், ஜப்பான் போகும் ஆசை மட்டும் இல்லாவிட்டால்.

அந்த நேரத்தில்தான் பெரியவர் என் முன்னால் வந்து நின்றார். எழுத்தை வெகுநேரம் பார்த்தார். இந்த எழுத்து உங்களுக்கு என்ன, என்று கேட்டார். ஆணவம் அழிவது, அலையில்லாத நீர் என்று சயாமா ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்த பதில் தொண்டை வரை வந்தது. ஆனால் வாயில் கோபம்தான் வந்தது.

"இந்த ஊரில் இது என் பெயர்" என்றேன்.

 பெரியவர் இடுப்பு வரை குனிந்து என்னை வணங்கினார். எழுதுகிறவனும் எழுத்தும் ஒன்றாகிவிட்ட இப்படியொரு பதிலைத் தம் நாட்டிலேயே கேட்டதில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். சயாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டினார்கள். ஒரு வருடம் மூச்சைப் பிடித்து உட்கார்ந்து வராத ஞானம் ஒரு நொடி ஆத்திரத்தில் வந்துவிட்டது, ஜப்பான் போகிறவன் நான்தான் என்று முடிவாயிற்று. பொறுமைக்காரன் இரண்டாவது. அம்மா ஹோட்டல் வாசலிலேயே எனக்குக் கம்பளிச் சட்டை எங்கே வாங்கலாம் என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஞானத்துக்கு ஜப்பானில் மதிப்பு இருந்தது. கடவுச்சீட்டுக் கேட்டுப் போய் நின்ற மேசையில் இல்லை. என் அடையாள அட்டையின் நிறம் வேறு, முழுக் குடிமக்களுக்குக் கொடுப்பது அல்ல. எங்களில் பலருக்கு அப்படித்தான். என்ன இனம் என்று மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார். இங்கேயே பிறந்தவன் என்று தொடங்கினேன். அவர் நான் முடிப்பதற்குள் எழுதிவிட்டார். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பதற்குச் சான்று கேட்டார்கள். மூட்டை தூக்க வந்தவர் கப்பலுக்கு நன்றிக் கடிதமா எழுதி வைத்திருப்பார்? அதைக் கொண்டுவா என்றார்கள், இதைக் கொண்டுவா என்றார்கள், கொண்டுபோனதைப் பார்த்து வேறொன்று கேட்டார்கள். ஜப்பானில் வகுப்பு தொடங்கும் மாதம் வந்தது, போனது. இரண்டாவது ஆள் கிளம்பினான். விடைபெற வீட்டுக்கு வந்தவன், அவனுடைய தூரிகை பிரிந்துவிட்டது என்று சொல்லி என்னுடையதைக் கேட்டான். கொடுத்தேன். இன்று வரை எனக்கு வயிறு எரிகிறது. தூரிகைக்காகவும் சேர்த்துத்தான்.

சயாமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கணவரின் கம்பெனி கடிதம் கொடுத்திருக்கிறது, பெரியவர் கையெழுத்திட்டிருக்கிறார், பிறகு ஏன் கிடைக்கவில்லை என்று வகுப்பு கலைந்த பிறகு என்னை நிறுத்திக் கேட்டார். கோபத்தைத் தவிர வேறெதுவும் என் கையில் அப்போது இல்லை. அட்டையின் நிறத்தைச் சொன்னேன், தாத்தாவின் கப்பலைச் சொன்னேன். பிறகு அந்தச் சொல்லையும் சொன்னேன், கண்காட்சி அட்டையில் இருந்தது என்ன, எல்லாரும் சிரித்தது ஏன் என்பதையும்.

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "முதல் நாள்?" என்று கேட்டார்.

"முதல் நாளிலிருந்து" என்றேன்.

"ஒவ்வொரு வாரமும்?"

ஆமாம் என்றேன். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது, அந்த வீட்டில் யாருக்காவது ஏதாவது குத்த வேண்டும் என்றிருந்தது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து, தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி குனிந்தார். நான் பதறிப்போய் வேண்டாம் சயாமா, வேண்டாம் சயாமா என்று சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் தலை நிமிர நேரமாயிற்று.

அடுத்த சனிக்கிழமை நான் அதே எழுத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பின்னால் நிற்பது தெரிந்தது. சொல்லப்போகிறார் என்று என் தோள் தானாகத் தளர்ந்து காத்திருந்தது. அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, கண்ணாடிப் பாத்திரத்தைக் கீழே வைக்கிறவர்போல, "சொரா" என்றார்.

அதே எழுத்துக்கு அப்படியும் ஒரு வாசிப்பு உண்டு. சொரா என்றால் வானம். அழகான சொல். யார் காதையும் உறுத்தாது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. என் கோடு கோணிக்கொண்டு போயிற்று.

கரா என்றே சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? என்னைப் பார்த்து அந்தச் சொல்லை எனக்கு நல்லது நினைத்துச் சொன்ன வாய் ரங்கூனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை நானே மூடிவிட்டு வந்திருந்தேன். அந்த அம்மாள் ஊரை விட்டுப் போகும்வரை மறந்தும் ஒரு முறைகூட அதைச் சொல்லவில்லை.

அன்று மாலை தின்கன்ஜூன் பஸ்ஸில் படியருகே நின்றுகொண்டிருந்தேன். நடத்துநர் என் முதுகில் தட்டி, "கலா, உள்ள போ. உள்ள எல்லாம் காலி" என்றான்.

போனேன்.